எனக்கு ஆட்சேபம் இல்லை

மார்ச் 3

அக்கா,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் பாதியிலேயே போனைக் கையில் எடுத்துவிடுவாய். இந்த மாதிரி விஷயத்தைப் போனில் பேசக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். அவர் போன பிறகும் நாம் இரண்டு பேரும் அதை மீறியதில்லை.

வேலையை விடப்போகிறேன். சொந்தமாகத் தொழில் தொடங்கப்போகிறேன். இத்தனை வருஷம் அடுத்தவன் பெயர் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஊர் முழுக்கக் குளிர் அறை ரிப்பேர் பார்த்தது போதும் என்று ஆகிவிட்டது. நின்றுபோன கம்ப்ரசரை ஓடவைப்பது நான், பாராட்டு மட்டும் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் மேனேஜருக்கு.

எப்படித் துணிந்தேன் என்று கேட்பாய். அந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனி இருக்கிறதே, அவர்களுடைய மண்டல மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வேலை பாக்கிறது நீங்க, பில்லு மட்டும் உங்க கம்பெனி போடுது. நேரா நீங்களே எடுத்துக்குங்களேன்" என்றார். இந்தப் பக்கத்து அத்தனை கிளைகளின் குளிர் அறைகளும் எனக்குத்தான். என்னோடு மூன்று பேர் வருகிறார்கள். வெல்டர், கேஸ் நிரப்புகிறவர், அப்புறம் நம் நெட்டை. என் கல்யாணத்தில் ஏணி இல்லாமலே மண்டபத்து விளக்கை மாட்டினானே, அவன்தான். ஏப்ரல் முதல் தேதி நான்கு பேரும் ராஜினாமா கொடுக்கிறோம். அன்றைக்கே ஒப்பந்தத்தில் என் கையெழுத்து.

பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தைக்குப் போன் பண்ணாம ஏம்ப்பா லெட்டர் எழுதுற?" என்று கேட்கிறாள். வீட்டில் ஒருத்தர் பெரிய முடிவு எடுத்தால் இன்னொருத்தர் அதை எதிர்த்துக் கடிதம் எழுதியே ஆக வேண்டும், மனசுக்குள் பிடித்திருந்தாலும் சரி என்று விளக்கினேன். "லூசா நீங்க?" என்றாள். இவள் அவள் அம்மா கட்சி.

ஆகவே உன் ஆட்சேபக் கடிதத்தை அனுப்பு. வழக்கம்போல் வறுத்தெடு. நான் பதில் எழுதுகிறேன். அப்புறம் நீ "சரி" என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்ப வேண்டும். அது வராமல் எனக்குக் கை ஓடாது.

உன் தம்பி


மார்ச் 8

அடேய் ஐஸ்கட்டி,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்துவிட்டு எழுந்து நடந்தேன். இப்போது மறுபடி உட்கார்ந்து உன்னை வறுக்கிறேன்.

வீட்டுச் சாமான் முழுவதையும் ஒரே ஆணியில் மாட்டுகிறவனை என்னவென்று சொல்வது? உனக்கு இருக்கப்போவது ஒரே ஒரு வாடிக்கையாளர். அவர்களுக்கு ஒருநாள் உன் முகம் பிடிக்காமல் போனால் உன் தொழில் அன்றைக்குச் சாயங்காலமே முடிந்தது. அந்த மேனேஜர் கூப்பிட்டாராம், பேசினாராம். அவரும் உன்னைப் போலச் சம்பளத்துக்கு இருக்கிறவர்தான். நாளைக்கு மாற்றல் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார். அடுத்து வருகிறவர் உன்னைப் பார்த்து "நீங்க யாரு?" என்பார்.

இன்னொன்று, உனக்குக் கூலி கேட்கத் தெரியாது. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ், எதிர் வீட்டு ஃப்ரிட்ஜ், உன் பாப்பாவின் டீச்சர் வீட்டு ஃப்ரிட்ஜ் என்று எல்லாவற்றுக்கும் சும்மா கேஸ் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறவன் நீ. முதலாளி ஆனால் மூன்று பேருடைய வீட்டு அடுப்பும் உன் பொறுப்பு. தெரிகிறதா?

நான் எங்கள் பேப்பரின் பிசினஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தினமும் வருகிற செய்தியில் பாதி, வேலையை உதறிவிட்டுச் சொந்தக் காலில் நின்றேன் என்று கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறவர்களின் படம். மீதிப் பாதியில் அதே ஆட்கள் இரண்டு வருஷம் கழித்து வருவார்கள். அப்போது நாங்கள் படம் போடுவதில்லை.

கடைசியாக ஒன்று. உன் திட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அப்பா தீ விபத்துக்கு நஷ்டஈடு மதிப்பிடப் போவாரே, ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரன் பாதி எரிந்த ரசீதோடு அழுதுகொண்டு வந்தால் அப்பா நம்பிவிடுவார். ஒரு மடிப்புக்கூட இல்லாமல் எல்லாக் காகிதத்தையும் கோப்பில் போட்டு நீட்டினால், டீ கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்தக் கடையைத் தோண்ட ஆரம்பித்துவிடுவார். குறையே இல்லாத கோப்பைக் கையில் வாங்காதே என்று நமக்கும் சொல்லுவார்.

இவ்வளவுதான் ஆட்சேபம். பதில் எழுது. உன் பெண்டாட்டிக்கு என் அன்பு. "இந்தப் பெண்ணுக்குச் சிரிக்கவே வராது, வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே சொல்கிறேன்" என்று உன் கல்யாணத்தை எதிர்த்து நான் எழுதிய கடிதத்தை இன்னும் வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறாளாமே. சிரிக்கட்டும்.

அக்கா


மார்ச் 13

அக்கா,

நல்ல வறுவல். நெட்டைக்கும் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா என் மாமனாரைவிட மோசம்" என்றான்.

ஒரே ஆணி என்கிறாய். முதலில் ஓர் ஆணியாவது வேண்டாமா? அதில் தொங்கிக்கொண்டு மற்ற ஆணிகளை அடிப்பேன். மேனேஜர் மாறினாலும் ஒப்பந்தம் கம்பெனியோடுதான். கூலி கேட்கிற வேலையை என் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டேன். காய்கறிக்காரரிடமே அவள் பேசுகிற பேச்சு உனக்குத் தெரியும், என் பணம் எங்கேயும் போகாது. குறை இல்லை என்று கவலைப்படாதே, இருக்கிறது. அந்த மேனேஜர் பேசும்போது எச்சில் தெறிக்கிறது. போதுமா?

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கார் ஷெட்டை வாடகைக்குப் பேசிவிட்டேன். தரையில் எண்ணெய்க் கறை போகவில்லை, கூரை நன்றாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் சேர்ந்து வெள்ளை அடித்தோம். எல்லாரும் போன பிறகும் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நெட்டையின் மனைவிக்கு நிறைமாதம். குழந்தை பிறக்கும்போது அப்பா சொந்தக் கம்பெனியில் இருப்பான் என்று மாமனாரிடம் சவால் விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

பதில் எழுதிவிட்டேன். "சரி" வரட்டும்.

தம்பி


மார்ச் 20

தம்பி,

"சரி" எழுதத்தான் தபால் அட்டை வாங்கி வைத்தேன். இப்போது எழுத முடியவில்லை.

கையெழுத்தைத் தள்ளிப்போடு. ஒரே ஒரு மாதம். மேனேஜரிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல், எனக்குச் சரியில்லை என்று சொல், எதையாவது சொல். ராஜினாமாவையும் கொடுக்காதே. நீ மட்டும் இல்லை, நான்கு பேரும்.

ஏன் என்று கேட்காதே. முதல் கடிதத்தில் எழுதியதெல்லாம் விளையாட்டு. இது அது இல்லை. இது ஆட்சேபக் கடிதமே இல்லை. வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

போன் செய்யாதே. செய்தாலும் எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் நிற்காது.

அக்கா


மார்ச் 24

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பயந்தேன். இரண்டாவது தடவை இவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய், கல்யாணக் கடிதத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். "வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே சொல்கிறேன்." ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அப்போதும் நிஜம், இப்போதும் நிஜமா?

ஆட்சேபம் ஒரு தடவைதான் என்பது சட்டம். நான் பதில் சொன்ன பிறகு நீ ஒத்துக்கொள்ள வேண்டும். பத்திரிகை வேலைக்குப் போகாதே என்று நான் எட்டுப் பக்கம் எழுதினேன். நீ பதில் எழுதினாய், மறுநாளே நான் "சரி" எழுதினேன். மனசு வராமல்தான் எழுதினேன். ஆனாலும் எழுதினேன்.

போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. மாமா எடுத்து, "அவ பேச மாட்டேங்கிறாடா, என்கிட்டயும்தான்" என்றார். என்ன நாடகம் இது?

மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீ கை காட்டி நிறுத்துகிற இடத்தில் நான் நிற்கிறவனாகவே இருந்தால் உனக்குச் சௌகரியம். நீ படித்தவள், பேப்பரில் எழுதுகிறவள், நான் எண்ணெய்க் கையோடு ஒதுங்கி நிற்கிற தம்பி. மாதாமாதம் சம்பளம் வருகிறவளுக்கு என் அவசரம் புரியாது. காரணத்தையும் சொல்ல மாட்டாயாம், நான் மட்டும் மூன்று பேரிடம் போய் "எங்க அக்காவுக்குப் பிடிக்கல" என்று சொல்ல வேண்டுமாம். காறித் துப்புவார்கள்.

இவள் வேறொன்று சொன்னாள். "உங்க அக்கா ஆபீஸ்ல ஏதாச்சும் தெரிஞ்சிருக்குமோ, கேளுங்களேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படி ஏதாவது இருந்தால் அக்கா சொல்லாமல் இருப்பாளா, என்னைக் குழியில் இறங்கவிட்டு வேடிக்கை பார்ப்பாளா என்று சத்தம் போட்டேன். போன மாதம்தானே உங்கள் பேப்பரிலேயே அந்தக் கம்பெனி புதுக் கிளைகள் திறக்கப்போகிறது என்று போட்டிருந்தீர்கள்? வெட்டி ஷெட் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

முதல் தேதி கையெழுத்துப் போடுகிறேன். உன் "சரி" வந்தாலும் வராவிட்டாலும்.

தம்பி


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி.

நான் எழுதியதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உன் திட்டத்தை மறுபடி முழுக்க யோசித்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. ஒரே வாடிக்கையாளர் என்பது பெரிய பலம். அந்த மேனேஜர் தங்கமான மனிதராகத் தெரிகிறார். நீ எடுத்த எல்லா முடிவுகளும் எப்போதுமே சரியாகத்தான் இருந்திருக்கின்றன. உன் திறமையையும் துணிச்சலையும் கண்டு நான் பெருமைப்படுகிறேன். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கக்கூட வேண்டாம், தைரியமாகக் கையெழுத்துப் போடு.

எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. நூற்றுக்கு நூறு சரி. உனக்கும் உன் நண்பர்கள் மூவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.

அன்புடன்,
உன் அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

உன் வாழ்த்துக் கடிதம் முப்பத்தொன்றாம் தேதி வந்தது. ஷெட்டில் வைத்துப் பிரித்தேன். "அப்பாடா, அக்கா சரின்னுட்டாங்க" என்று வெல்டர் கை தட்டினார். நானும் சிரித்தேன். சாயங்காலம் கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து நீ என்னை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கி வந்தபோது, கோப்பையில் எழுத்துப் பிழை இருக்கிறது என்று சொன்னவள் நீ. நீ எழுதுகிறாய், ஒரு குறையும் இல்லை என்று. ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டாமாம். ஒரு மடிப்பு இல்லாத கோப்பு. ஈரக் கையோடு வீட்டுக்கு ஓடினேன்.

இவளிடம் நீட்டினேன். அவள் பாதிக்கு மேல் படிக்கவில்லை. "போடாதீங்க" என்றாள்.

வெல்டரையும் கேஸ் நிரப்புகிறவரையும் ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்தினேன். நெட்டை வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தான், பெண் குழந்தை. அந்தச் சந்தோஷத்தில் மத்தியானமே ஆபீஸ் போய் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். மாமனாரிடம் காட்ட நகல்கூட வைத்திருந்தான். மறுநாள் காலையில் நான் அவனைக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் ஆபீஸ் மேனேஜர் முன்னால் நின்றேன். "ஆளைக் குறைக்கலாம்னுதான் இருந்தோம், அவரே குடுத்திட்டாரு, வாங்கியாச்சு" என்றார்.

ஆறாம் தேதி உங்கள் பேப்பரில் முதல் பக்கத்தில் வந்தது. சூப்பர் மார்க்கெட் கம்பெனியை வேறொருவன் வாங்கிவிட்டான், இந்தப் பக்கத்துக் கிளைகளில் பாதிக்குப் பூட்டு, பராமரிப்பு வேலையெல்லாம் வாங்கினவனுடைய ஆட்களுக்கே. படித்துவிட்டு ஷெட் சுவரில் ஒட்டியிருந்த பழைய செய்தியைக் கிழித்தேன். சுண்ணாம்பும் சேர்ந்து வந்துவிட்டது.

உனக்குத் தெரிந்திருக்கிறது. இருபதாம் தேதியே தெரிந்திருக்கிறது. கையெழுத்துப் போடாமல் நான் தப்பித்தேன், சந்தோஷம். ஆனால் அக்கா, "அந்தக் கம்பெனி விற்பனைக்குப் போகிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நெட்டை இன்றைக்குக் கைக்குழந்தையோடு நடுத்தெருவில் நின்றிருக்க மாட்டான். என் அக்காவுக்கு ஒரு வரி எழுத மனசு வரவில்லை. அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நானும் ராஜினாமா கொடுத்துவிட்டேன். அவனைத் தனியாக விட முடியாது. மற்ற இரண்டு பேரை வேண்டாம், இருங்கள் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். மருந்துக்கடை, பால் கடை, கறிக்கடை, ஆஸ்பத்திரி ரத்த வங்கி என்று நாங்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு படியாக ஏறி இறங்குகிறோம். இதுவரை ஆறு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு உன்னிடம் ஆட்சேபம் கேட்கவில்லை. எழுதாதே.

தம்பி


ஏப்ரல் 17

தம்பி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

மார்ச் பதினெட்டாம் தேதி அந்தச் செய்தி சரிபார்க்கச் சொல்லி என் மேஜைக்கு வந்தது. எடிட்டர் எங்கள் மூன்று பேரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். விஷயத்தைச் சொன்னது அந்தக் கம்பெனிக் கணக்குப் பிரிவில் இருக்கும் ஓர் அம்மா. வெளியே ஒரு வார்த்தை கசிந்தாலும் யார் சொன்னது என்று கம்பெனி கண்டுபிடித்துவிடும், அந்த அம்மாவுக்கு வேலை போகும், வழக்கும் வரும். "வீட்ல புருஷன்கிட்டகூட மூச்சு விடாதீங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். வெளியே வந்து பையைத் திறந்தால் உனக்கு எழுத வாங்கிய அட்டை.

உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். நீ மூன்று பேரிடம் காரணம் சொல்லியாக வேண்டும், அவர்கள் வீட்டில் சொல்வார்கள், அந்த மண்டல மேனேஜர் காதுக்கு அன்றைக்கே போகும். முகம் தெரியாத அந்த அம்மாவையும் உன்னையும் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு ராத்திரிகூட ஒழுங்காகத் தூங்கவில்லை. நிஜமாகவே சொல்கிறேன் என்று எழுதினேன், நீ நம்பவில்லை. உன் மேல் தப்பில்லை. அந்த வரியை என்றைக்கோ விளையாட்டுக்குச் செலவழித்துவிட்டேன்.

பிறகுதான் அந்த வாழ்த்தை எழுதினேன். யார் படித்தாலும் அதில் ஒன்றும் இல்லை, நீ படித்தால் மட்டும் பயப்படுவாய் என்று நம்பினேன். தபால் பெட்டிக்குள் போட்ட கணமே, நீ பயப்படாமல் சந்தோஷப்பட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பெட்டிக்குள் விரலை விட்டுத் துழாவினேன். உன்னைக் குழியில் தள்ளியதே நான் என்று ஆகியிருக்கும். நெட்டையின் குழந்தை ஒருநாள் முன்னால் பிறக்கும் என்று எனக்குத் தெரியாது. அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. உன்னிடமும் கேட்கவில்லை. ஆனால் நீ எழுதாதே என்று சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

செய்தி வந்த அன்றே எடிட்டரிடம் போய், வாழ்த்துக் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று வரிக்கு வரி சொன்னேன். "தம்பியை வாழ்த்தியிருக்கீங்க, இதுல என்ன தப்பு?" என்றார். "சார், நான் அவன வாழ்த்தினதே இல்ல" என்றேன். உடனே புரிந்துகொண்டார். அவருக்கும் ஒரு தம்பி இருக்கிறார் போலிருக்கிறது. மறுநாள் என்னைப் பிசினஸ் பக்கத்திலிருந்து வரிவிளம்பரப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார். வீடு வாடகைக்கு, நாய்க்குட்டி விற்பனைக்கு. வேலையைப் பறிக்கவில்லை, அதுவரை நல்லவர்.

இனி உன் விஷயம். நீ கேட்கவில்லை, ஆனாலும் சட்டம் சட்டம்தான். நெட்டையும் நீயும் கூட்டாளிகள் என்பதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளவில்லை, எனக்குத் தெரியும். வாய்வார்த்தையில் ஆரம்பித்த தொழில் வாய்ச்சண்டையில்தான் முடியும். ரத்த வங்கிக்காரன் உன்னை ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவான், நீயும் ஓடுவாய், கூலியும் கேட்க மாட்டாய். அந்த ஷெட் இரண்டு பேருக்குப் பெரிது, பாதியை வேறு யாருக்காவது விடு. இன்னும் நிறைய இருக்கிறது, அஞ்சல் உறை கனத்துவிடும். நீ பதில் எழுத வேண்டாம். உன்னிடம் பதில் இருக்கும் என்று தெரியும்.

சரி.

கடைசியாக என் விஷயம். நானும் வேலையை விடலாம் என்று இருக்கிறேன். மருந்துக்கடைக்காரரும் பால் கடைக்காரரும் வியாபாரச் செய்தி படிப்பதே இல்லை, அவர்கள் தலையில் இடி விழுகிற நாளைத் தவிர. அவர்களுக்குப் புரிகிற மாதிரி வாரத்துக்கு ஒரு தாள் நானே அச்சடித்துப் போட வேண்டும் என்று ஆசை. மாமா நல்ல யோசனை என்கிறார். பக்கத்து மேஜைப் பெண் அருமை என்கிறாள். அச்சகக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். பயமாக இருக்கிறது.

நீ எழுது. எட்டுப் பக்கம் எழுது. கோபத்தையும் அதிலேயே கொட்டு. பாராட்டி மட்டும் எழுதிவிடாதே.

அக்கா